பதினேழாவது பலகை

முதல் பலகையை எலி தின்றது.
சோற்றுக் கஞ்சியில் பிசைந்திருந்தேன்.
விடியும்போது அச்சுச் சட்டம் கிடந்தது,
நடுவில் நாலைந்து நூல்.

நாலாவது பூத்தது.
பச்சையும் சாம்பலுமாய்ப் பூஞ்சணம்.
பார்க்க அழகாகத்தான் இருந்தது.
கௌசிகன் படம் எடுத்து வைத்துக்கொண்டு
மூக்கைப் பொத்தியபடி வெளியே வீசினான்.

துணி காத்தான்குடியிலிருந்து வருகிறது.
ஜுமானாவின் கடையில் மேசைக்கு அடியில்
உரப்பை உரப்பையாய் வெட்டுத்துண்டு,
தைக்கிறவர்கள் அதன்மேல் கால் வைத்துத் தைக்கிறார்கள்.
"எல்லாத்தையும் எடுங்க புள்ள,
மறுகா வந்து காசு மட்டும் கேக்காதீங்க."
எடுக்காவிட்டால் அது டிராக்டரில் ஏறும்,
எங்கேயோ எரியும்,
எரிகிற மணம் மட்டும் வாவியைத் தாண்டித் திரும்பி வரும்.

பையை அவிழ்த்தால் மாதம் தெரியும்.
தையில் வெள்ளை: பள்ளிக்கூடச் சட்டைகளின் கழுத்தில்
கழித்தெடுத்த பிறைகள்.
சித்திரைக்குக் கொஞ்சம் மஞ்சள், ஆரையம்பதி ஓடர்.
நோன்பு பிடித்தால் கறுப்பு, கறுப்பு, பின்னும் கறுப்பு.
பெருநாள் நெருங்க அந்தக் கறுப்புக்குள்
உதிர்ந்த கல், ஜிகினா, பாதி அறுந்த சரிகை.

உமி சம்மாந்துறை மில்லில் சும்மா தருவார்கள்.
லொறிக்குத்தான் காசு.
மட்டிச் சிப்பியை நானே சுட்டு நீற்றினேன்,
ஏழாவதிலிருந்து பூஞ்சணம் இல்லை,
ஆனால் வெடித்தது.
பதினொன்று கல்லாய்ப் போனது.
தட்டினால் பூட்டிய கதவு போல
சத்தத்தை முகத்திலேயே திருப்பி அடித்தது.

பஸ் நிலையத்துக்குப் பின்னால்
காது சோதிக்கும் அறை ஒன்று.
பத்துக்குப் பன்னிரண்டு, நாலு பக்கமும் சீமெந்து.
நிரோஜினி மிஸ் ஹெட்ஃபோனைப் பூட்டிவிட்டு
ஆட்டோ போகட்டும் என்று காத்திருப்பார்,
பிறகு பஸ் போகட்டும் என்று,
பிறகு லொத்தர்க்காரன் ஸ்பீக்கர் ஓயட்டும் என்று.
மீன் பாடுகிற ஊர் என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறோம்.
அது பாடினால் கேட்க இங்கே ஒரு அறை இல்லை.

"எனக்கு அழகு வேணாம்.
வெளிச் சத்தத்தை முழுக்க மறிக்க ஏலாதெண்டும் தெரியும்.
உள்ள வந்தது சுவருக்குச் சுவர்
பாயாமல் இருந்தாப் போதும்."

அதற்குப் பிறகு இறுக்கி அமுக்குவதை விட்டேன்.
துணியை நறுக்காமல் பிய்த்தேன்.
உமியைப் பாதியாக்கினேன்.
கஞ்சிக்குப் பதில் மரவள்ளிப் பசை,
அதில் ஒரு பிடி சுண்ணாம்பு.
பதினேழாவதின் முன் நின்று கை தட்டினேன்.
தட்டியது கையோடு நின்றுபோனது.
கௌசிகன் இன்னொருக்கால் தட்டச் சொன்னான்.
இன்னொருக்கால் தட்டினேன்.
அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும்
சாப்பிடப் போகவில்லை.

பூட்டுகிற நாளில் ஒரு அதிகாரி வந்தார்.
சுவர் இருட்டாக இருக்குதாம்.
"ஒரு மீன் வரையலாமே, பாடுமீன்.
திறப்பு விழாவுக்கு எடுப்பாய் இருக்கும்."
இந்த அறைக்குள் யாரும் பாடக்கூடாது சேர் என்றேன்.
சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன்.
பில் இன்னும் அவர் மேசையில்தான் கிடக்கிறது.

முதலில் வந்தவன் யதுர்ஷன், நாலு வயது.
ஹெட்ஃபோன் அவன் தலையை விடப் பெரிது.
சத்தம் கேட்டால் கையை உயர்த்த வேண்டும்.
உயர்த்தினான்.
கேட்காத போதும் ஒரு தடவை உயர்த்தினான்.
பிறகு நெடுநேரம் உயர்த்தவேயில்லை.
கண்ணாடிக்கு வெளியே தாய்
தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றாள்.
மிஸ் எழுதிக்கொண்டே போனார்.
வலது காது, இடது காது.
ஒரு ஆட்டோ போனது.
அவர் பேனாவை நிறுத்தவில்லை.

பின்னேரம் ஃபோன் வந்தது.
"உங்கட பலகையில ஒரு ஓட்டை.
பொடியன் ஜிகினாக் கல்லொண்டைக்
கிள்ளிப் பொக்கற்றில போட்டுட்டான்.
வந்து அடைக்கிறீங்களா?"

வேணாம் மிஸ், கிடக்கட்டும்.
ஓட்டை இருந்தால்
சத்தம் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும்.